மங்கல் அப்பாவின் கண்ணிலா, மானிட்டரிலா?

திருச்சிக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து வாசகி ஒருவர் ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 71. வீட்டில் இருந்த 21 அங்குலப் பழைய பிக்சர் டியூப் டிவி இரண்டு மாதங்களுக்கு முன் நின்றுபோனது. வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் வாங்கிய 24 அங்குல மானிட்டர் சும்மா கிடந்ததால், கேபிள் செட்டாப் பாக்ஸை அதில் இணைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். தம்பி ஹெச்.டி.எம்.ஐ. ஒயரை நேராகச் சொருகினார். திரை கறுத்து, ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று மட்டும் வந்து நின்றது. “மானிட்டருக்கு ஹெச்.டி.எம்.ஐ. செட் ஆகாதும்மா, ஏவி ஒயர்லதான் வரும்” என்றார் கேபிள்காரர். மானிட்டரில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகள் கிடையாது. அதனால் 600 ரூபாய்க்கு ஒரு கன்வர்ட்டர் வாங்கி மாட்டினார்கள். படம் வந்தது, ஆனால் நிம்மதி வரவில்லை. முகங்கள் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று அகன்று தெரிகின்றன. செய்திச் சேனலில் கீழே ஓடும் வரி துள்ளித் துள்ளி ஓடுகிறது. கோடு போட்ட சட்டை அணிந்தவர் வந்தால் சட்டையில் வானவில் நெளிகிறது. பேச்சு முன்னே வருகிறது, உதடு பின்னே அசைகிறது. சில மாலைகளில் சில சேனல்கள் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடுகின்றன.

“மெய்யெழுத்துக்கெல்லாம் புள்ளியே காணோமே, எனக்குத்தான் கண் போச்சு போல” என்று அப்பா சொல்லத் தொடங்கிவிட்டார். போன ஆண்டுதான் அவருக்குக் கண்புரை அறுவை நடந்திருக்கிறது. செலவு வைக்கக் கூடாது என்று இப்போது டிவி முன் உட்காருவதையே குறைத்துக்கொண்டார். தம்பி சிக்னல் பூஸ்டர் வாங்கலாம் என்கிறார். கேபிள்காரர் 1,800 ரூபாய் கொடுத்து ஹெச்.டி. பாக்ஸ் மாற்றச் சொல்கிறார். மானிட்டர் வாங்கிய கடையில், பாக்ஸ்தான் கோளாறு என்கிறார்கள். யார் சொல்வது சரி, கேபிள்காரர் மேல் புகார் கொடுக்க முடியுமா, இப்படிப் பார்ப்பதால் அப்பாவின் கண் கெடுமா என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தப் புள்ளிதான். முப்பது ஆண்டுகளாக டிவி பழுது பார்க்கிறேன். ‘படம் மங்கல்’ என்று சொல்பவர்கள் நூறு பேர், எது மங்கல் என்று சொல்பவர் அவர்களில் ஓரிருவர். மெய்யெழுத்தின் புள்ளி மறைகிறது என்று உங்கள் அப்பா சொன்னது கண் போனதற்கு அடையாளமில்லை, கண் நன்றாகப் பார்த்ததற்கு அடையாளம். பெரும்பாலும் அந்தப் புள்ளி அவர் கண்ணுக்கு வந்து சேருவதற்கு முன்பே அழிந்துவிட்டது. எங்கே அழிந்தது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. அதற்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை ஒரே கோளாறாக நினைத்து ஒரே மருந்து தேடுகிறீர்கள். என் கணிப்பில் இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். மங்கல், அகலமான முகம், துள்ளும் வரி, வானவில், பிந்தும் உதடு ஆகிய ஐந்தும் பாக்ஸுக்கும் மானிட்டருக்கும் நடுவில் பிறப்பவை. மாலையில் கட்டம் கட்டமாக உடைவது தெருவிலிருந்து பாக்ஸுக்கு வரும் வழியில் பிறப்பது. முதலாவது கேபிள்காரர் பொறுப்பல்ல. இரண்டாவது முழுக்க அவர் பொறுப்பு.

மூன்று இடத்து எழுத்தைப் படித்துப் பாருங்கள்

அப்பாவை வழக்கமான நாற்காலியில் உட்கார வைத்து, மானிட்டரின் அடியிலோ பின்னாலோ இருக்கும் பொத்தானை அழுத்துங்கள். மானிட்டரின் சொந்த மெனு வரும். வெளிச்சம், வண்ணம் என்றெல்லாம் பட்டியல் காட்டும் அந்த எழுத்து மானிட்டருக்குள்ளேயே பிறப்பது. ஒயரும் இல்லை, பாக்ஸும் இல்லை. அது அப்பாவுக்குக் கூர்மையாகத் தெரிந்தால் மானிட்டரும் சரி, அந்தத் தூரத்துக்கு அவர் கண்ணும் சரி.

அடுத்து செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் மெனுவை அழுத்துங்கள். இந்த எழுத்து பாக்ஸில் பிறந்து ஒயர் வழியாக வருகிறது. இது மங்கலாக இருந்தால் குற்றம் நடுவழியில், அதாவது ஒயரிலோ கன்வர்ட்டரிலோ பாக்ஸின் அமைப்பிலோ இருக்கிறது. மூன்றாவதாக, செய்திச் சேனலில் ஓடும் வரியைப் படிக்கச் சொல்லுங்கள். பாக்ஸ் மெனு பளிச்சென்று இருந்து சேனல் மட்டும் மங்கினால், அனுப்பப்படும் படமே அவ்வளவுதான் என்று பொருள்.

உங்கள் வீட்டில் முதல் எழுத்து தெளிவாகவும் இரண்டாவது மங்கலாகவும் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். காரணம் சொல்கிறேன்.

கேபிளில் படம் இப்போது எண்களாகத்தான் வருகிறது. பாக்ஸ் அதைப் பிரித்து 720க்கு 576 புள்ளிகள் (பிக்சல்) கொண்ட படமாக்குகிறது. மஞ்சள் ஓட்டை வழியாக வெளியே அனுப்பும்போது, அந்த எண்களைப் பழைய கால மின் அலையாக மாற்றுகிறது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது நம் நாட்டுக்கு வந்த ‘பால்’ (PAL) முறை அது. கறுப்பு வெள்ளை டிவி வைத்திருப்பவரும் பார்க்க வேண்டும், வண்ண டிவிக்காரரும் பார்க்க வேண்டும் என்பதற்காக, வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பும் ஏற்பாடு. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாமர்த்தியம். ஆனால் கலந்ததைப் பிரிக்கும்போது சேதாரம் உண்டு. பாலையும் தண்ணீரையும் பிரிக்க அன்னப்பறவை வேண்டும் என்பார்கள். 600 ரூபாய்க் கன்வர்ட்டருக்கு அந்த வித்தை போதாது. சட்டையின் நெருக்கமான கோடு வெளிச்சமா நிறமா என்று அதற்குக் குழப்பம் வந்துவிடுகிறது. நிறம் என்று நினைத்துக்கொண்டால், வானவில். படத்தை அடுக்கும் 576 கிடைக்கோடுகளில், மெய்யெழுத்தின் புள்ளி ஓரிரு கோடு உயரமே உள்ளது. பிரிக்கும் வேலையில் அது கரைந்து அக்கம்பக்கத்தில் படிந்துவிடுகிறது. ண, ன இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதாக அப்பா சொல்லியிருந்தால் அதற்கும் இதுவே காரணம்.

அதோடு முடியவில்லை. அந்த மின் அலையைக் கன்வர்ட்டர் திரும்பவும் எண்ணாக்கி, 1080 கோடாக ஊதிப் பெரிதாக்கி மானிட்டருக்குத் தருகிறது. நம் ஊர் ஒளிபரப்பு நொடிக்கு 50 என்ற கணக்கில் வருகிறது. பெரும்பாலான கன்வர்ட்டர்கள் 60 என்ற கணக்கில் வெளியே விடுகின்றன. 50ஐ 60 ஆக்க, ஐந்து படத்துக்கு ஒரு படத்தை இரண்டு முறை காட்டியாக வேண்டும். மெதுவாகப் போகும் காட்சியில் இது தெரியாது. ஒரே சீராக இடப்பக்கம் நகரும் செய்தி வரியில் ஒவ்வொரு தடவையும் ஒரு துள்ளல் தெரியும். இந்த வேலைக்கெல்லாம் கன்வர்ட்டருக்குச் சிறிது நேரம் பிடிக்கும். ஒலியை நீங்கள் சிவப்பு, வெள்ளை ஒயரில் நேராகப் பழைய ஸ்பீக்கருக்குக் கொண்டுபோயிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தாமதம் இல்லை. அதனால்தான் பேச்சு முந்துகிறது, உதடு பிந்துகிறது.

கன்வர்ட்டர் அட்டையில் ‘1080’ என்று போட்டிருந்ததே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண் வெளியே போகும் படத்தின் அளவைச் சொல்கிறது. உள்ளே வரும் படத்தின் தரத்தைச் சொல்வதில்லை. பாஸ்போர்ட் அளவுப் படத்தைச் சுவரொட்டியாக அச்சிட்டால் தாள் பெரிதாகும், முகத்தில் புதிதாக எதுவும் தெரியாது. அதில் 720, 1080 என்று ஒரு சின்ன சுவிட்சு இருக்கும். மாற்றிப் பாருங்கள், ஓரளவு வித்தியாசம் இருக்கலாம். அதில் மோட்சம் கிடைக்காது.

நேர்வழி அடைபட்டது ஏன்?

இப்போது ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இடம் இது. எனக்கு இதுதான் முக்கியம்.

பாக்ஸும் மானிட்டரும் பேசிக்கொள்ளவே இல்லை என்றால் ‘நோ சிக்னல்’ என்று வந்திருக்கும். ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்றால் படம் வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் அந்த வகைப் படத்தை வாங்கிக்கொள்ள எனக்குத் தெரியாது என்று மானிட்டர் சொல்கிறது. ஒயர் நல்லது, ஓட்டை நல்லது, பாக்ஸில் அமைப்பு மட்டும் பொருந்தவில்லை. பல செட்டாப் பாக்ஸ்கள் முதல் நாளிலிருந்து ‘576 ஐ’ என்ற வடிவத்தில் படத்தை வெளியே விடும்படி வைக்கப்பட்டிருக்கும். ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு தடவையும் இரட்டைப்படைக் கோடுகளை அடுத்த தடவையுமாக அனுப்பும் முறை அது. டிவிக்கு அது தாய்மொழி. கணினிக்காகச் செய்த மானிட்டர்களில் பல அதைக் கற்றதே இல்லை. கேபிள்காரர் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்த வீடுகளில் அப்படித்தான் ஆகியிருக்கும். ஆனால் ‘ஆகாது’ என்பது சரியில்லை. அமைப்பை மாற்றினால் பெரும்பாலும் ஆகும்.

செய்ய வேண்டியது இது. இப்போது இருக்கும் கன்வர்ட்டர் வழியிலேயே பாக்ஸ் மெனுவுக்குப் போங்கள். செட்டிங்ஸ் என்பதன் கீழே வீடியோ, டிஸ்ப்ளே, ஏ.வி. அவுட்புட் என்று ஏதாவது ஒரு பெயரில் ‘ரெசல்யூஷன்’ இருக்கும். அதை 576 ஐ என்பதிலிருந்து ‘720 பி’க்கு மாற்றிச் சேமியுங்கள். ‘பி’ என்றால் எல்லாக் கோடுகளையும் ஒரே தடவையில் அனுப்பும் முறை. சில பாக்ஸ்கள், படம் தெரிகிறதா என்று சில விநாடிகள் கேட்டுவிட்டு, பதில் இல்லாவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அதனால் ஓகே கொடுக்க மறக்காதீர்கள். அதே பக்கத்தில் ‘டிவி சிஸ்டம்’ என்று இருந்தால் அது ‘பால்’ என்று இருக்க வேண்டும். யாராவது ‘என்.டி.எஸ்.சி.’ என்ற அமெரிக்க முறைக்கு மாற்றி வைத்திருந்தால், 576 கோட்டுப் படத்தைப் பாக்ஸ் 480 கோட்டுக்குள் திணித்துக்கொண்டிருக்கும். பிறகு பாக்ஸ், மானிட்டர் இரண்டின் மின்சாரத்தையும் நிறுத்தி, கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு ஹெச்.டி.எம்.ஐ. ஒயரை நேராகச் சொருகி, முதலில் மானிட்டரையும் பிறகு பாக்ஸையும் போடுங்கள்.

720 பி வரவில்லை என்றால் மறுபடியும் கன்வர்ட்டரை மாட்டி, ‘1080 பி’யும் ‘576 பி’யும் பாருங்கள். பட்டியலில் 50, 60 என்று இரண்டும் இருந்தால் முதலில் 50ஐப் பாருங்கள், செய்தி வரி துள்ளாமல் ஓட அதுதான் நல்லது. மானிட்டர் 50ஐ மறுத்தால் மட்டும் 60க்குப் போங்கள். பெயரின் முடிவில் ‘ஐ’ என்ற எழுத்துள்ள வடிவங்களை இந்த மானிட்டருக்குத் தொடவே வேண்டாம். மிகப் பழைய மானிட்டர்களில், அமைப்பு எல்லாம் சரியாக இருந்தும் படம் வராமல் போவதுண்டு. நகல் எடுப்பதைத் தடுக்கப் பாக்ஸ் போடும் பூட்டுக்கு அந்த மானிட்டர்களிடம் சாவி இருக்காது. வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் வாங்கியது என்கிறீர்கள், அதனால் உங்களுக்கு அந்தச் சிக்கல் வராது என்றே நினைக்கிறேன்.

படம் வந்தவுடன் முகத்தின் அகலத்தைக் கவனியுங்கள். பாக்ஸ் மெனுவில் ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’ 16:9 என்று இருக்கட்டும். பழைய 4:3 படங்களை இழுத்து நிரப்பாமல், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டுக் காட்டும் வழி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். திரை வீணாகிறதே என்று சிலர் வருத்தப்படுவார்கள். ஆனால் பழைய பாடல் காட்சிகளில் முகம் முகமாக இருக்க அதுதான் வழி. கறுப்பு நிறம் சாம்பல் பூத்ததுபோல் வெளிறித் தெரிந்தால், மானிட்டர் மெனுவில் ‘பிளாக் லெவல்’ அல்லது ‘ஆர்.ஜி.பி. ரேஞ்ச்’ என்பதை மாற்றிப் பாருங்கள். ‘ஷார்ப்னெஸ்’ஸைக் கூட்டாதீர்கள். மங்கலுக்கு அது மருந்து என்று எல்லோரும் அதைத்தான் முதலில் கூட்டுகிறார்கள். அது எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கரையைத்தான் போடும்.

ஒலிக்கு, மானிட்டரின் பின்னால் ஹெட்ஃபோன் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். ஹெச்.டி.எம்.ஐ. வழியாக வரும் ஒலி அங்கே கிடைக்கும். ஸ்பீக்கரை அங்கே மாட்டினால் பேச்சும் உதடும் சேர்ந்துகொள்ளும்.

இதைப் படிக்கும் வேறு சிலர் வீட்டில் நீல நிற 15 முனை வி.ஜி.ஏ. மட்டுமே உள்ள மானிட்டர் இருக்கலாம். மஞ்சள் முனையை வி.ஜி.ஏ.வாக மாற்றும் வெறும் ஒயர் என்று சந்தையில் கிடைப்பதை வாங்க வேண்டாம். டிவி அலையில் நொடிக்கு 15,625 கோடுகள் வரும். சாதாரண வி.ஜி.ஏ. மானிட்டர் எதிர்பார்ப்பது ஏறக்குறைய 31,500இலிருந்து தொடங்குகிறது. வெறும் கம்பி அந்த வித்தியாசத்தைத் தாண்டாது. பாக்ஸில் ஹெச்.டி.எம்.ஐ. இருந்தால், உள்ளே சில்லு உள்ள ஹெச்.டி.எம்.ஐ.–வி.ஜி.ஏ. கன்வர்ட்டர்தான் வேண்டும்.

இதற்குப் பிறகும் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

உண்மையைச் சொல்ல வேண்டும். நேர் இணைப்பு கொடுத்தபின் வானவில் போகும், பாக்ஸ் மெனு எழுத்து கூர்மையாகும், புள்ளிகள் பெரும்பாலும் திரும்பும். ஆனால் கணினியில் பார்க்கும் தெளிவு வராது. சாதாரண சேனலின் படத்தில் 4,14,720 புள்ளிகள். உங்கள் மானிட்டர் வழக்கமான 1920க்கு 1080 என்றால் அதில் 20,73,600 புள்ளிகள். சரியாக ஐந்து மடங்கு. திரையில் தெரியும் ஐந்து புள்ளிகளில் ஒன்றுக்குத்தான் ஒளிபரப்பில் ஆதாரம் இருக்கிறது, மீதி நான்கும் பக்கத்தைப் பார்த்து ஊகித்து நிரப்பியவை. அதோடு, கேபிளில் ஓர் அலைவரிசை இடத்துக்குள் பல சேனல்களை அடைத்து அனுப்புகிறார்கள். நம் முறையில் 8 மெகாஹெர்ட்ஸ் இடத்தில் நொடிக்குச் சுமார் 38 மெகாபிட் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருபது சேனல் அடைத்தால் ஒரு சேனலுக்கு இரண்டு மெகாபிட்கூடத் தேறாது. கூட்டம் ஓடும் காட்சியிலும் மழைக் காட்சியிலும் படம் கசங்குவது அதனால்தான். அதை நீங்கள் வீட்டில் எதைச் செய்தும் திருத்த முடியாது.

பழைய 21 அங்குல டிவி நன்றாக இருந்ததே என்கிறீர்கள். அதுவும் உண்மைதான். அந்த டிவி இதே 576 கோட்டுக்காகச் செய்யப்பட்டது, அதன் இயல்பான மென்மை குறைகளை மறைத்தது, நீங்களும் எட்டடி தள்ளி உட்கார்ந்தீர்கள். மானிட்டரை இப்போது எழுதும் மேசையில் வைத்து இரண்டடியில் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 24 அங்குல மானிட்டரின் உயரம் சுமார் 30 சென்டிமீட்டர். அதை 576 கோடாகப் பங்கிட்டால், நல்ல பார்வை உள்ளவருக்கும் ஏறத்தாழ ஆறடித் தூரத்தில் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து படமாகிவிடும். அதற்கு நெருங்கினால் குறைகளைத்தான் பார்ப்போம். மானிட்டரைச் சுவரோரமாக வைத்து அப்பாவின் நாற்காலியை ஐந்து ஆறடி தள்ளிப் போட்டுப் பாருங்கள். செலவில்லாத திருத்தம் இது, நான் போகும் வீடுகளில் முதலில் செய்வதும் இதைத்தான்.

அப்பாவின் கண்

நான் கண் மருத்துவர் அல்ல. தொழிலில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கண்புரைக்குப் பின் பலருக்கும் தூரப் பார்வைக்கான ஒரே பவர் லென்ஸ் வைக்கிறார்கள், படிக்கத் தனிக் கண்ணாடி தருகிறார்கள். மேசையில் இரண்டடியில் இருக்கும் மானிட்டர் தூரத்திலும் சேராது, படிக்கும் தூரத்திலும் சேராது. அதனால் அப்பாவின் சிரமத்தில் ஒரு பங்கு அந்த இடைத்தூரத்தால் வந்திருக்கலாம். நாற்காலியைத் தள்ளிப் போடச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். மங்கலான படத்தைப் பார்ப்பதால் கண் கெட்டுப்போவதில்லை, களைப்பும் தலைவலியும் வரலாம். ஆனால் முதலில் சொன்னேனே, மானிட்டரின் சொந்த மெனு, அதுவே ஆறடியில் அவருக்கு மங்கலாகத் தெரிந்தால், அல்லது வெளிச்சத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது என்றால், மருத்துவரிடம் அழைத்துப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். அறுவைக்குப் பின் சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, வைத்த லென்ஸுக்குப் பின்னால் படலம் மங்குவது உண்டு. அது எளிதில் சரிசெய்யக்கூடியது. செலவு என்று அப்பா மறைத்தாலும் நீங்கள் விடாதீர்கள்.

மாலையில் உடையும் படம்

இனி இரண்டாவது கோளாறு. தம்பி சொல்லும் பூஸ்டர் மங்கலைப் போக்காது. பழைய அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் பூச்சி பறக்கும், நிழல் விழும், படம் மங்கும். அந்த நினைவில்தான் எல்லோரும் பூஸ்டரைத் தேடுகிறார்கள். டிஜிட்டலில் சிக்னல் குறைந்தால் படம் மங்குவதில்லை. ஓர் எல்லை வரை முழுதாக இருக்கும், அதற்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு உறையும். நடுநிலை கிடையாது. பூஸ்டர் சிக்னலோடு அதில் சேர்ந்த இரைச்சலையும் பெருக்கும், அளவு மீறினால் பாக்ஸ் திணறிப் படம் இன்னும் மோசமாகும்.

படம் உடையும் நேரத்தில் உடைகிற சேனல்களின் எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஓர் அலைவரிசை இடத்தில் பல சேனல் போகிறது என்றேன் அல்லவா, ஓர் இடம் பழுதானால் அந்தக் கூட்டம் முழுவதும் சேர்ந்து உடையும், மற்றவை நன்றாக இருக்கும். தினமும் அதே எண்கள் என்றால் கேபிள்காரருக்கு அது விலைமதிப்பற்ற துப்பு. பாக்ஸ் மெனுவில் சிக்னல் ஸ்ட்ரென்த், குவாலிட்டி என்று இரண்டு பட்டைகள் இருக்கும். நன்றாக ஓடும்போது ஒரு தடவை, உடையும்போது ஒரு தடவை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வீட்டுக்குள் ஒரே ஒயரை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இருந்து அதன் மற்ற முனை இப்போது பயனில்லாமல் இருந்தால், அதைக் கழற்றி ஒயரை நேராக இணைக்கச் சொல்லுங்கள். பாக்ஸின் பின்னால் உள்ள கனெக்டர் ஆடினாலோ, நடுக்கம்பி பச்சை பூத்திருந்தாலோ புதிதாகப் போட ஐந்து நிமிடம். மாலையில் மட்டும் உடைவது, தெருவில் உள்ள ஆம்ப்ளிஃபயருக்கு அந்த நேரத்தில் மின்னழுத்தம் குறைவதாலும் இருக்கலாம். அதை அவர்தான் பார்க்க முடியும்.

ஒன்றை மட்டும் நீங்களே செய்ய வேண்டாம். கேபிள் ஒயரின் உலோக முனையைத் தொடும்போது சுருக்கென்று அடித்தால் கையை எடுத்துவிட்டு அவரை அழைத்துவிடுங்கள். தெரு ஆம்ப்ளிஃபயர்களுக்கு அதே கேபிள் வழியாக மின்சாரம் அனுப்பும் வழக்கமும் உண்டு. இடி மழை தொடங்கும் முன்பே பாக்ஸின் மின்சாரத்தையும் கேபிள் முனையையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பின் அதைத் தொடப் போகாதீர்கள். மின்னலில் போன பாக்ஸ்கள் என் மேசைக்கு ஐப்பசி, கார்த்திகையில் வராத வாரம் இல்லை, மானிட்டரும் சேர்ந்து போயிருக்கும்.

புகார், உரிமை, 1,800 ரூபாய்

மங்கலுக்காகக் கேபிள்காரர் மேல் புகார் கொடுத்தால் நிற்காது. நிற்கவும் கூடாது. கன்வர்ட்டர் விற்றவர் மேலும் வழக்கு வலுவில்லை, அட்டையில் எழுதிய 1080 வெளிவரும் அளவைப் பொறுத்தவரை உண்மைதான். திருப்பிக் கொடுக்கும் காலம் முடியவில்லை என்றால் கொடுத்துவிடுங்கள், ஆனால் நேர் இணைப்பு வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு.

படம் உடைவதற்குப் புகார் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017இல் கொண்டுவந்த சேவைத்தர விதிகளின்படி, கேபிள் நிறுவனம் புகார் மையம் வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு புகாருக்கும் பதிவு எண் தர வேண்டும், அங்கே தீராவிட்டால் மேல்முறையீட்டுக்கு நோடல் அதிகாரி இருக்க வேண்டும். தெருவில் வரும் கேபிள் ஆளிடம் வாயால் சொல்வது கணக்கில் சேராது. நிறுவனத்தின் எண்ணில் அழைத்துப் பதிவு எண்ணை வாங்கிக் குறித்து வையுங்கள். சேனல் எண்களையும் சிக்னல் பட்டையின் படங்களையும் அப்போது சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் இல்லை. ஆனால் என் ஆசை, அந்த மனிதரோடு முகம் கொடுத்துப் பேசி முடிப்பதுதான். மழையில் கம்பத்தில் ஏறுகிறவர் அவர். உடையும் சேனல் எண்களைத் தாளில் எழுதி நீட்டினால் மதிப்பார்.

ஹெச்.டி. பாக்ஸுக்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள். முதலில், உங்கள் பாக்ஸிலேயே ஹெச்.டி. வருமா என்று தெரியவில்லை. ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டை இருப்பதால் மட்டும் அது ஹெச்.டி. பாக்ஸ் ஆகிவிடாது, சாதாரண பாக்ஸ்களிலும் அந்த ஓட்டை உண்டு. அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். இரண்டாவது, அப்பா அதிகம் பார்ப்பது செய்தியும் பழைய பாடலும் என்கிறீர்கள். அவர் பார்க்கும் அந்த நான்கைந்து சேனல்களுக்கு ஹெச்.டி. பதிப்பு உண்டா என்று கேபிள்காரரிடமே பட்டியல் கேளுங்கள். ஹெச்.டி. சேனலுக்குத் தனி விலை. பழைய பாடல்களோ ஹெச்.டி. சேனலில் வந்தாலும் பழைய பிரதியாகவே இருக்கும். பட்டியலில் மூன்று சேனலாவது தேறினால் மாற்றுவது நியாயம். அப்போதும் விலைக்கா வாடகைக்கா என்று கேட்டு, ரசீதும் உத்தரவாதமும் எழுத்தில் வாங்குங்கள். நேர் இணைப்பு முற்றிலும் வேலை செய்யாமல் போனால், 1,800 ரூபாயைப் பாக்ஸில் போடுவதைவிட, ஒரு சிறிய டிவிக்குச் சேர்த்து வைப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். ‘576 ஐ’யைப் புரிந்துகொள்ளும் எந்தச் சாதாரண 24 அல்லது 32 அங்குல டிவியும் போதும், 4கே எதற்கும் வேண்டாம்.

ஞாயிறு காலையில் அப்பாவையே ரிமோட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். 576 பி, 720 பி, 1080 பி ஒவ்வொன்றிலும் ஒரே செய்திச் சேனலை வைத்து, எதில் புள்ளி தெரிகிறது, எதில் ணகரமும் னகரமும் பிரிகிறது என்று அவர் சொல்லட்டும். எந்த மீட்டரையும்விட அதை நான் நம்புவேன். மூன்றிலும் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ வந்தால், பாக்ஸின் பின்புறம், மானிட்டரின் பின்புறச் சீட்டு, பாக்ஸ் மெனுவின் ரெசல்யூஷன் பக்கம் மூன்றையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். பாக்ஸின் வரிசை எண்ணையும் அதன் வியூயிங் கார்டு எண்ணையும் விரலால் மறைத்துக்கொண்டு எடுங்கள்.